காந்தாரிக்கு விரதமில்லை

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே
எங்கள் கடைக்கு வெயில் விழாது.
பகலிலும் டியூப்லைட்.
மெனு கார்டில் ஹனி சில்லி சிக்கன்,
அடுக்களையில் அதன் பெயர் தேன்கோழி.
தேனுக்குப் பஞ்சமில்லாத ஊர்.
ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள்
முதல் வாய்க்கு ‘கொள்ளாம்’ என்பார்கள்,
இரண்டாம் வாய்க்குக் குலுக்கி சர்பத் கேட்பார்கள்.
அதிலும் ஒரு காந்தாரி
கீறிக் கிடக்கும், சிரித்துக்கொண்டு.

மாஸ்டர் ரெஜிகுமாருக்கு வயது முப்பத்தொன்று.
போன ஆவணியில் வந்த காய்ச்சல்
போகும்போது அவன் ருசியையும் மணத்தையும்
கொண்டுபோய்விட்டது.
முதலாளிக்குத் தெரியாது.
அவன் பெண்டாட்டிக்கும் தெரியாது.
பாயசத்தில் உப்பைக் கொட்டிவிட்டு
ஒரு கரண்டி குடித்துப் பார்த்து
சரி என்று தலையாட்டினான் ஒருநாள்.
நான் பக்கத்தில் கைதச்சக்கை நறுக்கிக்கொண்டிருந்தேன்.
கத்தியை வைத்துவிட்டு
உருளியைக் கவிழ்த்தேன்.
கை தட்டிப்போச்சு என்று நானே சொன்னேன்.
சம்பளத்தில் நானூறு பிடித்தார்கள்.

அன்றிலிருந்து என் நாக்குதான் அவனுக்கு.
கரண்டி நீளும்.
இடது புருவம் ஏறினால் தேன் போதாது,
இரண்டும் ஏறினால் கூடிப்போச்சு.
எரிவை மட்டும் அவனே பார்த்துக்கொள்வான்.
“அதுக்கு நாக்கு வேண்டாம் யக்கா, தோல் போதும்.”
காந்தாரியை நசுக்கி உதட்டில் தேய்ப்பான்,
கண் நிறையும்.
இருண்ட வீட்டில் ஒரு முறிக்கு மட்டும்
கரண்டு வந்தவன் போல நிற்பான்.

பிறகு சாம்பல் புதன் வந்தது.
மகளின் நர்சிங் சீட்டுக்காக
நாற்பது நாள் இனிப்பு தொடமாட்டேன் என்று
கிறிஸ்துமஸுக்கே நேர்ந்திருந்தேன்.
நேரும்போது
இவன் ஞாபகம் வரவில்லை.
கரண்டி நீண்டது.
நான் நெற்றியைக் காட்டினேன்.
ஒரு சொட்டு அடுப்பில் விழுந்து கருகி மணத்தது.
அதுவும் எனக்கு மட்டும்.

“துப்பிருங்க யக்கா.”
“துப்பினா ஆண்டவருக்குத் தெரியாதா?”
“அவருட்ட நான் பேசுகேன்.”
அவன் பேசினானோ என்னவோ,
நான் துப்பவும் இல்லை, தொடவும் இல்லை.

எறும்பை நம்பிப் பார்த்தான்.
ஜன்னல் திட்டில் மூன்று கரண்டி, மூன்று அளவு.
எறும்பெல்லாம் கடைசிக் கரண்டிக்கு வரிசை கட்டியது.
அந்தக் கணக்கில் சமைத்தான்.
அன்று ஏழாம் டேபிளில்
குழந்தை தட்டை வழித்து நக்கியது,
பெரியவர்கள் பாதியை ஒதுக்கிவைத்தார்கள்.
எறும்பைக் கொண்டு கடை நடத்த முடியாது.

இரண்டாவது வெள்ளி, சாயங்காலம்,
ஆள் நெரியும் நேரம்.
இரண்டு கிளாஸை வாயோடு வாய் பொருத்திக்
குலுக்கிக்கொண்டே கேட்டான்:
“யக்கா, காந்தாரி கடிச்சா எரியும்லா.
பொறவு பைய இறங்கும்.
இறங்கி முடியுத இடத்துல
என்னமோ ஒண்ணு வருது.
கொஞ்சநேரம் நிக்குது, போயிருது.
அதுதானா மதுரம்?”

நாற்பத்தாறு வருஷமாக இனித்த நாக்கு இது.
எப்படி இருக்கும் என்று
யாரும் இதுவரை கேட்டதில்லை.

நேர்ச்சையில் காந்தாரி இல்லை.
ஒன்றை எடுத்து, காம்பு கிள்ளி,
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

காது அடைத்தது.
மேலே திருவனந்தபுரம் பஸ் போனது,
தட்டுகள் அதிர்ந்தன, சத்தம் மட்டும் வரவில்லை.
மூக்கு ஒழுகியது.
குலுக்குவதை நிறுத்திவிட்டு
என் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏழாம் டேபிள், நாலு சர்பத்!”

பொறு என்று கை காட்டினேன்.
இறங்கிக்கொண்டிருந்தது.
இன்னும் கொஞ்சம் பாக்கி.