ஒப்புதல் படிவம்

குத்தாயிசி சந்தையில்
பாலாடைக்கட்டி விற்கும் சியாலாவிடம்
படிவத்தை நீட்டினேன்.
படம் வெட்டி முடித்துப் பதினோரு மாதம்.
அன்றே வாங்கியிருக்க வேண்டும்;
அன்று வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

உப்புநீர்க் கையை முன்றானைத் துணியில் துடைத்துவிட்டு
உரக்க வாசித்தாள்:
"என் முகமும் குரலும்
பிரபஞ்சம் முழுவதும்,
இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எக்கருவியிலும்,
என்றென்றைக்கும்..."

நிலாவிலுமா?

வக்கீல்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன்.
சிரித்தாள்.
யாருக்கோ அரைக் கிலோ நிறுத்துக்
கொடுத்தாள், சில்லறை எண்ணினாள்.

பிறகு பேனாவை வாங்கி,
நிலாவைத் தொடவில்லை,
ஓரத்தில் ஒரே வரி:
'வாஜாவைப் பற்றிச் சொன்னது வேண்டாம்.'
கீழே கையெழுத்து.

மகனைப் பற்றி அவள் பேசியது நாற்பது விநாடி.
மீதியெல்லாம்
அதற்காக எடுத்தது.

ஈரம் காயட்டுமென்று
தாளை விசிறிக்கொண்டே நின்றேன்.