மறுகா

தண்ணீர்ச் சபையின் பழைய பில் புத்தகத்தில்
பின்பக்கங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன.
எங்கள் வாத்திய நால்வரின் கணக்கை அதில்தான் எழுதுகிறேன்.
வியோலாக்காரிக்கு அடிக்கடி கை சும்மா இருக்கும் என்று
மற்ற மூவரும் ஒருமனதாய்த் தீர்மானித்தபடியால்
எழுத்து வேலை எனக்கு.

மாசி, ஏறாவூர் ஆஸ்பத்திரி, வெளிநோயாளர் வரிசை:
இலக்கம் கூப்பிடும் குரலோடு கடைசிவரை சுருதி சேரவில்லை.
நாற்பத்தேழு எழும்பிப் போகையில்
துண்டு அழகாய் முடிந்தது. தற்செயல்.

பங்குனி, கல்முனையில் கலியாணம்:
சகன் வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள்.
றிப்கான் நிறுத்தவில்லை.
மருந்துக்கடையில் பகலெல்லாம் கண் கூர்ந்து கிறுக்கெழுத்து வாசிப்பவன்,
வயலினை எடுத்தால் கண்ணை மூடிவிடுவான்.

அதே பங்குனி, களுவாஞ்சிகுடி பஸ்
(இதைக் கச்சேரியில் சேர்ப்பதா தெரியவில்லை):
செலோவுக்கும் டிக்கெட் எடு என்றார் கண்டக்டர்.
ஜீவரதி டீச்சர் எடுத்தாள்.
பிறகு சனம் ஏற ஏற, எவருக்காகவும்
அதை ஆசனத்தால் எழுப்பவில்லை.
"அவர் காசு குடுத்து இருக்கிறார்."

கல்லடிப் பாலத்திலும் வாசித்தோம்,
எல்லோரும் கேட்கிறார்களே என்று.
மீன்கள் வாயே திறக்கவில்லை.
பின்னுக்கு எடுத்த ஒரு லொறி மட்டும்
இரண்டு சுரம் தந்தது.

ஒத்திகை டச்பாரில், மெல்ட்ரின் அவுட்ஸ்கோனின் ஒட்டுவேலைக் கொட்டிலில்.
பாதி முடிந்த கேற்றுகளுக்கு நடுவில்
கையுறையைக் கழற்றி முதல் வயலினை எடுப்பான்.
விரல் நுனியில் தீப்பொறி தின்ற புள்ளிகள்,
கம்பிக்கு அவை நல்ல பிடி என்பான்.
என் வியோலாவைப் பார்த்து அவன் வாடிக்கையாளர் கேட்டது:
"இந்த வயலினுக்கு என்ன வருத்தம், குரல் அடைச்சிற்றோ?"

சித்திரை, வாசிகசாலை மண்டபம்.
நோட்டீசில் பிழை என்னுடையது:
'சனி மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி.'
வாகரையிலிருந்து ஒருவர் வந்துவிட்டார்,
சொப்பிங் பையில் காணிப் பெர்மிட், மூன்று கடிதம், ஒரு வரைபடம்.
சனிக்கிழமையும் கச்சேரி திறந்திருக்குதே என்ற முகம்.
கதிரை காட்டினோம். இருந்தார்,
பையை மடியில் வைத்துக்கொண்டு,
தன் பெயர் கூப்பிடுவார்கள் என்று.

மூன்றாம் துண்டில் கரண்ட் போனது.

தாள் தெரியாமல் மூவரும் நின்றார்கள்.
எனக்குத் தாள் தேவையில்லை.
என் பங்கில் இரண்டே சுரம், மாறி மாறி,
மேலே மற்றவர்கள் நடந்து திரிய
கீழே கிடக்கும் பலகை.
வில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.
நுளம்பு, வியர்வை, யாரோ கதிரையை இழுப்பது,
அதன் நடுவே அந்த இரண்டு.
எத்தனை நிமிடம் என்று நான் குறிக்கவில்லை,
குறிப்பவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்தது. மெல்ட்ரின் முதலிலிருந்து தொடங்கினான்,
கைதட்டல், சோடா, எல்லாம்.
வாசலில் அந்த மனிதர்:
"இருட்டில வாசிச்சத மறுகா ஒருக்கா வாசிங்க."
அது பாட்டில்லை ஐயா, பாட்டின் அடி என்றேன்.
"பன்ரெண்டு வருசமாக் கச்சேரிக்கு வாறன்.
தொடங்கினத இடையில விடாத ஆள
இண்டைக்குத்தான் கண்டன்."

மறுகா என்றால் 'திரும்பவும்'.
மறுகா என்றால் 'பிறகு'.
எதைக் கேட்டார் என்று விசாரிக்குமுன்
கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

இனி வருபவை:
வைகாசி, அக்கரைப்பற்று, நெல்லுக் களஞ்சியம்,
நெல்லை அதற்குள் எடுத்தால்.
ஆனி, திருக்கோவில், கடற்கரைப் பக்கம்.
கச்சான் காற்று தாளைப் பறிக்கும்,
உடுப்புக் கிளிப் இருபது வாங்க வேண்டும்.
செலோவின் வயிற்றில் வெடிப்பு, பசை,
காய மூன்று நாள்.
ஆடி, வாகரை.
மண்டபம் இல்லை, பள்ளிக்கூட முற்றம்,
ஒரேயொரு பல்ப், அதன் சுவிட்ச்
அதிபரின் அறைக்குள்.

கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்: வியோலா, தனி.
நேரம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

"அப்ப நாங்க மூண்டு பேரும் என்ன செய்யிற?"
என்கிறான் மெல்ட்ரின், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

அதிபரிடம் கதைத்து
சுவிட்சுக்குப் பக்கத்தில் நில்லுங்கோ.