திரும்பி வரும் எண்ணெய்

எழுநூற்று நாற்பதாவது அடியில்
கூலர் குழாய் விரிசல் விட்டது.
வெள்ளகோவிலுக்குத் தெற்கே
கொழுக்கட்டைப்புல் கருகிக் கிடந்த காடு,
இரவு பதினொன்றே கால்.
ஹைட்ராலிக் முள் சிவப்பில் ஏறி உட்கார்ந்து
இறங்க மாட்டேன் என்றது.

கோயமுத்தூரிலிருந்து கம்பெனிக் குழாய் வர நான்கு நாள்.
திருச்செங்கோட்டிலிருந்து முதலாளி போனில் கத்திய
நட்டக் கணக்குக்குள்
என் மூன்று மாசச் சம்பளம் கிடந்தது.

வண்டியிலேயே இருந்தது சரக்கு:
யாரோ வீட்டு ஏசியில் கழற்றிய செப்புக் குழாய் பதினெட்டடி,
பித்தளை நட்டு, ஒரு முழம் ரப்பர் ஓஸ்,
எண்ணாத கிளிப்புகள்.
கேஸில் காட்டினேன், கருஞ்சிவப்பு வரும்வரை.
முக்கத் தண்ணீர் இல்லை. காற்றிலேயே ஆறட்டும்,
செம்புக்கு அதுவும் போதும்.

துளை கக்கிய கல்மாவைச் சலித்து
குழாய்க்குள் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பினேன்.
வெறுங்குழாய் வளைத்தால் நசுங்கும்,
வயிறு நிறைந்ததுதான் வளையும்.
ஸ்டெப்னி டிஸ்க்கைச் சுற்றி ஏழு சுற்று.
சத்தீஸ்கர்ப் பையன் தீன்தயாள் டார்ச் பிடித்தான்.
வாயை விரித்து முடித்தபின்
நட்டு கோக்காதது ஞாபகம் வந்தது.
"ஏனுங்ணா" என்று சிரித்தான்.
ஓரங்குலம் அறுத்தெறிந்து மறுபடி.

உள்ளே ஒரு மணல் நின்றாலும் பம்பு போய்விடும்.
டீசல் ஊற்றி அலசி வாயால் ஊதினேன்,
விடியும்வரை நாக்கில் அதே ருசி.
ரிக்கை ஒட்டி ஒரு சுற்று தளர்வாக விட்டேன்,
அது குலுங்கும்,
குலுங்க இடம் வேண்டும்.

இனிச் சுருளை எதில் முக்குவது?
மூன்றாவது போருக்கு
வளையலை அடகு வைத்திருந்த சுலோச்சனா
யாரும் கேட்காமல்
அந்த நீலத் தாழியை உருட்டிக்கொண்டு வந்தார்.
பின்னாலேயே ஏழு குடம்.
"எருமைக்கு வெலைக்கு வாங்குனதுங்க. ஊத்துங்க."
தண்ணீர் தேடும் இயந்திரம்
முதலில் அதைக் குடித்தது.

ஸ்டார்ட் செய்தேன்.
கொதித்துப் போன எண்ணெய்
ஏழு சுற்று சுற்றித் திரும்பி வந்தது.
முள் எண்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது,
அதற்குமேல் என் வேலைக்குக் கட்டாது.

எண்ணூற்றுப் பத்து.
எண்ணூற்று எழுபது.
புழுதி. வெள்ளைப் புழுதி, அப்புறம் கறுப்பு.
வேப்பமரத்தடியில் எருமை எழுந்து நின்று
எங்களையே பார்த்தது.

நாலரை மணிக்கு ராடை உருவும்போது
சுலோச்சனா தாழியில் கைவிட்டு
வெடுக்கென்று எடுத்தார்.
துளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"இது ஆறுனா எருமை குடிக்குமுங்களா?"

டார்ச்சை வாங்கினேன்.
நட்டு நட்டாகத் தடவினேன்.
தண்ணீர் மேல் சாய்த்துப் பிடித்து
வானவில் நிறத்தில் ஏதாவது மினுங்குகிறதா என்று
நெடுநேரம் பார்த்தேன்.

"குடிக்குமுங்க" என்றேன்.