ஒன்பதாயிரம் கிலோமீட்டர்

மீட்டர் சொல்கிறது ஒன்பதாயிரம்.
பிரேக் பெடல் ரப்பர் வேறு ஏதோ சொல்கிறது.

நீலாங்கரை. கடலுக்கு இரண்டாம் தெரு.
உறையை விலக்கியதும்
அந்த மஞ்சளில் என் முழங்கால் லேசானது.
'வாயை மூடிக்கிட்டு நில்லு' என்றிருந்தான் எட்வின்,
புதுப்பேட்டைக்காரன்.

பானட்டில் உள்ளங்கை வைத்தான். சூடு.
"வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா சார்?"
சாரின் மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

டயரின் நான்கு எண்ணை விரலால் தடவிப் படித்தான்:
நாற்பதாவது வாரம், பதிமூன்றாம் வருஷம்.
ஓடித் தேயாதது
நின்றே வெடித்திருந்தது.
அடியில் படுத்து எழுந்தவன் சட்டையெல்லாம் துருத்தூள்.
உப்புக்காற்றுக்கு ஞாயிறு லீவு இல்லை.

சரி, ரெண்டு லட்சம் குறைத்துக் கேட்கலாம்
என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சீட் பெல்ட்டை இழுத்தான்.
யாரும் இழுக்காத
அந்தக் கடைசி முழம் வரை.
ஒரு பழுப்புக் கோடு.
அதற்கப்பால் பவுடர் போல வண்டல்.

"அப்போ முடிச்சூர்ல இருந்தோம்" என்றார் சார்.
கை தானாக இடுப்புக்குப் போனது.
எட்வின் கை நெஞ்சுக்கு.
மாடிவீட்டுக்காரன் நான்,
என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எட்வின் விட்டதும் பெல்ட்
சரசரவென்று உள்ளே போய்விட்டது.
காபி வந்தது.
விலையைப் பற்றி
யாரும் எதுவும் கேட்கவில்லை.