பிராது

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு
விருத்தாசலம் ஆலடி ரோடு அஞ்சலாட்சி
எழுதிக் கட்டும் பிராது.

சீட்டு எழுதுகிறவர் கேட்டார், யார் மேல?
பங்காளியா, கடன்காரனா, நகைக் களவா?
தூசு என்றேன்.
பேனாவை மூடித் திறந்தார்.
பேர் இருக்கணும்மா.

பீங்கான் பேட்டையில் பதினேழு வருசம்
பீஸ் கட்டைக்குப் பிசிறு தேய்த்தேன் சாமி.
மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாய்
உட்கார்ந்திருக்குமே, அது.
காய்ந்த கட்டையில் உப்புத்தாள் போட்டால்
பிசிறு போகும்,
மீதி பறக்கும்.
ஈரப் பஞ்சால் துடைத்தால் பறக்காது.
ஆனால் திரும்பக் காய ஒரு நாள் ஆகும்.
அந்த ஒரு நாளைத்தான் முதலாளி தரவில்லை.

ஃபேன் ஒன்று வைத்தார்.
என் தூசு பரிமளகாந்திக்குப் போகும்,
அவள் தூசு எனக்கு வரும்.
புருவமெல்லாம் நரைத்து வீட்டுக்குப் போவோம்,
குளித்தால் வயசு திரும்பிவிடும்.

பரிமளம் தை மாசம் போய்ச் சேர்ந்தாள்.
சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவை வந்தும்
டி.பி. மாத்திரை எட்டு மாசம் தின்றவள்.
கடலூரில் எனக்குப் படம் எடுத்த பையன்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
பீடி குடிப்பீங்களா என்றான்.
கறுப்பில் புள்ளி புள்ளியாய் வெள்ளை.
எனக்குத் தெரியாதா அந்த வெள்ளையை?
என் கையால் தேய்த்தது.

நீயும் உருவமில்லாத கல்.
இதுவும் கல்தான், மாவாக அரைத்த கல்.
உன் பங்காளி மேலேயே உன்னிடம் வந்திருக்கிறேன்,
கோவிக்காதே.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று
படிப்பணம் கணக்குப் போட்டார்.
வீட்டிலிருந்து மூன்று.
மூக்கிலிருந்து நெஞ்சுக்கு ஒரு சாண்,
அதையும் சேர்த்துக்குங்க என்றேன்.
அவர் சிரித்தார்.
நான் சிரித்தால் இருமல் வரும், சிரிக்கவில்லை.

காரியம் முடிந்ததும்
நேரில் வந்து ராஜினாமா எழுதணுமாம்.
சரி என்றேன். யார் வருவது என்று கேட்கவில்லை.

பேர் இல்லாமல் ஆகாது என்றதால்
முதலாளி பேரைச் சொன்னேன்,
தீபாவளிக்குத் தீபாவளி புடவை எடுத்துக் கொடுத்தவர்.
இனிஷியல் என்ன என்று கேட்டு
அதையும் போட்டார்.

மை காய்வதற்குச் சீட்டின் மேல் ஊதினேன்.
பாதியிலேயே நின்றது.
தண்ணீர் கொடுத்தார்.
சீட்டை வாங்கி வெயில் விழுகிற பக்கமாய் வைத்தார்.
தானாகக் காயட்டும்மா,
என்ன அவசரம் என்றார்.