மூன்று ஏ

தவ்கே ஊய்க்கு நாலு ஆகாது.
அடுக்குமாடி லிஃப்டில் இருப்பதுபோல
எங்கள் வரிசையிலும்
மூன்றுக்குப் பிறகு மூன்று ஏ,
அப்புறம் ஐந்து.
பெயரை மாற்றினால் ஆயிற்றா?
நடுக்கடலில் நின்றுபோவது எப்போதும் இதுதான்.

நேற்றும் நின்றது.
பத்து ஃபிரிங்கி கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர்,
முதுகில் ஒரு தேனிலவு ஜோடி,
வீல் வீலென்று கத்திவிட்டு அணைந்தது.
"கடலிலேயே கிடக்குது, எப்படிண்ணே சூடாகும்?"
மாப்பிள்ளை கேட்டார்.
கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

மற்ற வண்டிகள் கடலை உறிஞ்சும், துப்பும்.
இது ரோஷக்காரி.
ஐந்தரை லிட்டரைத் தனக்குள்ளேயே சுற்றவிட்டு
அடித்தகட்டில் மட்டும் கடலை உரசி ஆறிக்கொள்வாள்.
உப்பு ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது.

இரவு ஒன்பதரை.
மேலே சாலையில் இரவுச் சந்தை,
நாளைக்கு ராயா விடுமுறைக் கூட்டம் வந்துவிடும்.
எஞ்சினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.
ஆறியிருந்தது.
ஆறாமல் மூடியைத் திறந்த கதை
என் முழங்கையில் தழும்பாய் இருக்கிறது.

கீழே பெயிண்ட் வாளி.
கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவினேன்.
ஆரஞ்சு நிறத்தில் கொட்ட வேண்டும்.
கொட்டவில்லை.
குச்சி விட்டுக் கிளறிய பிறகு
ஆறிப்போன தால்ச்சா மாதிரி
பழுப்பாய் ஒரு கூழ்
மனசில்லாமல் இறங்கியது.

ஆரஞ்சின் மேல் பச்சையை ஊற்றினால் இப்படித்தான்.
எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
டிசம்பரில், மழைக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில்,
கைக்கு எட்டிய பாட்டிலை
நிறம் பார்க்காமல் கவிழ்த்தபோதும் தெரிந்திருந்தது,
கவிழ்த்த பிறகு.

யார் ஊற்றியது என்று தவ்கே கேட்டார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
ரிஸால் நின்ற பக்கம் பார்த்தேன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.

அவன் சம்பளத்தில் இருநூறு வெள்ளி போனது.
பிப்ரவரியில் அவனும் போனான்.
தெலுக் பஹாங்கில் மீன் பெட்டி இறக்குவதாகக் கேள்வி.
"நல்லா கழுவிட்டியா?" என்றார் தவ்கே.
மேலே டப்பாவை மட்டும் துடைத்துவிட்டு
கழுவிட்டேன் பாஸ் என்றேன்.

கரை நாய் ஒன்று வாளியிடம் மூக்கை நீட்டியது.
இந்தச் சனியன் தித்திக்கும்.
நக்கினால் இரண்டு நாளில் சிறுநீரகம் போய்விடும்.
ச்சூ என்றேன். போகவில்லை.
துடுப்பை ஓங்கினேன். பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டு
என்னையே பார்த்தது.

காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, ஓட்டி, வடித்து,
மறுபடி ஊற்றி.
ஒவ்வொரு முறை ஓட்டும்போதும்
கைப்பிடிக்குக் கீழே ஒட்டியிருந்த டேப் கண்ணில் பட்டது.
கறுப்பு மார்க்கரில் அவன் கோணல் எழுத்து:
எஞ்சின் முதலில், பைப் பிறகு.
நிறுத்தும்போது பைப் முதலில்.
மாற்றிச் செய்தால் தண்ணீர் உள்ளே ஏறி வண்டி செத்துவிடும்.
நான் மறப்பவன் என்பதால் ஒட்டிவிட்டுப் போனது.

நாலாவது தடவை தெளிவாய் வந்தது.
நாலாவது. தவ்கேயிடம் சொல்லக் கூடாது.

மூக்கைத் தூக்கி நிறுத்தி
ஆரஞ்சை மெல்ல மெல்ல ஊற்றினேன்.
ஹோஸை அமுக்க அமுக்க
எங்கோ சிக்கிக் கிடந்த காற்று
பொளக் பொளக்கென்று வெளியே வந்தது.
இன்னும் இருக்கிறதா, இன்னும் இருக்கிறதா என்று
அமுக்கிக்கொண்டே இருந்தேன்,
தேவைக்கு அதிகமாகவே.

கழிவைக் கடலில் கொட்டக் கூடாது, மணலிலும் கூடாது.
வாளியை இறுக மூடி
மூடிமேல் தேதியும் பெயரும் எழுத வேண்டும்,
கடை வழக்கம்.
மார்க்கரை எடுத்தேன்.
இன்றைய தேதியை எழுதப் போய்
டிசம்பர் பதினேழு என்று எழுதினேன்.
கீழே,
தயானந்தன்.

தவ்கேயின் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.
இருட்டில் நாய் எழுந்து வந்து
மூடியை முகர்ந்தது.
இறுக மூடியிருக்கிறதா என்று
திரும்பிப் போய்
இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன்.