மூன்று புள்ளி எட்டு

எங்கள் நாட்டில் ஏழுதான் முழு மதிப்பெண்.
நான்கு எடுத்தால் கரை.
கணிதத்தில் நான் எடுத்தது
மூன்று புள்ளி எட்டு.
மற்றப் பாடங்கள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டன.
ஆனாலும் காலுக்கும் கரைக்கும் நடுவே
புள்ளி இரண்டு அளவு தண்ணீர்
பதின்மூன்று வருடமாக வற்றவில்லை.

வேதியியலைப் பற்றிக் கேட்காதீர்கள்.
பொட்டாசியத்துக்கு எதற்கு கே என்றேன்.
"அது அப்படித்தான், யாஸ்னா" என்றார் ஆசிரியர்.
அப்படித்தான் என்ற இடத்திலேயே
நான் நின்றுவிட்டேன்.
வகுப்பு போய்விட்டது.

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.
வெட்கப்பட ஒன்றுமில்லை,
வங்கி மேலாளரும் பிடிப்பார்.
கணக்குக்கு அப்படி ஒரு கயிறு
எந்த முனையிலும் நான் பார்க்கவில்லை.

நண்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன்.
வெந்து சிவந்த கால்களை உடைத்துச் சதை எடுத்து
பெட்டிக்கு இரண்டு கிலோ.
எனக்குப் பதிலாகத் தராசு கணக்குப் போட்டது.
நிம்மதியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஜூலை.
காலை ஒன்பதுக்கும் விடியாத ஜூலை.
எதிர் மேசை ஒவிடியா
கையில் நண்டோடு சரிந்தாள்.
அலறல், ரப்பர் பூட்ஸ்களின் ஓட்டம்,
குழாயை யாரும் மூடவில்லை.
நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
தைரியம் இல்லை அது.
வேறு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை.

பிடித்த கை சும்மா இருக்காமல்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கியது.

ஆம்புலன்ஸில் வந்தவன் மண்டியிட்டு
"எவ்வளவு நேரம்?" என்றான்.
"பதினொரு நிமிடம்.
நாடி முதலில் நூற்றுப் பதினெட்டு, இப்போது நூற்று நான்கு.
வியர்வை சில்லென்று இருக்கிறது.
காலையில் சாப்பிடவில்லை.
பையில் இன்சுலின் வைத்திருப்பாள்."
கையுறையின் முதுகில் அவன் எழுதிக்கொண்டான்.

நான் சொன்ன எண்களை ஒருவர்
சிவப்பு மை இல்லாமல் எழுதியது
அதுதான் முதல் தடவை.

இன்றிரவு பன்னிரண்டோடு விண்ணப்பம் முடிகிறது.
அக்கா டானிட்சா கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள்:
"பீட்சா பில்லை நாலாகப் பிரிக்கத் தெரியாதவள்
ஊசி போடப் போகிறாளாம்!"
நானும் சிரித்தேன், அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.
பில்லை அன்றும் அவள்தான் பிரித்தாள்.

மாதிரி வினாத்தாள் மேசையில் கிடக்கிறது.
ஐந்து மில்லிலிட்டரில் மருந்து இருநூற்றைம்பது மில்லிகிராம்.
குழந்தைக்கு வேண்டியது நூற்று எழுபத்தைந்து.
எவ்வளவு ஊற்றுவாய்?

முப்பத்தைந்து என்று எழுதினேன்.
எழுதிவிட்டு அலமாரியிலிருந்து
இருமல் மருந்தின் மூடியை எடுத்துப் பார்த்தேன்.
இரண்டு மூடி நிறைந்து வழியும்.
எந்தக் குழந்தையின் வாய் இதைக் கொள்ளும்?
தப்பு என்று கைக்குத்தான் முதலில் தெரிந்தது.
மூளை பின்னால் ஓடிவந்தது
மூச்சிரைக்க,
மூன்றரை, மூன்றரை என்று.

கடுகளவு புள்ளி.
அது நகர்ந்தால் பத்து மடங்கு.
உட்கார்ந்த நாற்காலியிலேயே வியர்த்துவிட்டது.

பயப்படுகிறவள் இரண்டாம் தடவை பார்ப்பாள்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது உண்மையா
விண்ணப்பிக்க நான் கண்டுபிடித்த சாக்கா,
இந்த நேரம்வரை தெரியவில்லை.
பொட்டாசியம் ஏன் கே என்பதை மட்டும்
நேற்று நானே தேடிப் பார்த்துவிட்டேன்.
லத்தீன் பெயராம். அவ்வளவுதான்.
ஒரு வாக்கியம்.
அதற்காகவா நின்றேன் இத்தனை வருடம்?

செவிலியர் பணி ஏன் என்று படிவம் கேட்கிறது,
இரண்டு வரிக்கு இடம் விட்டு.
ஒருத்தி விழுந்தாள்.
நான் எண்ணினேன்.

பிறகு மதிப்பெண் கட்டம்.
நான்கு என்று முழுசாக்கிவிடலாமா என
விரல் ஒரு கணம் நின்றது.
வெளியே காற்று ஜன்னலை உலுக்குகிறது.
மூன்று.
புள்ளி.
எட்டு.
புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று
திரும்பவும் ஒருமுறை பார்க்கிறேன்.